பிரிக்கக் கூடாத பெட்டி

14 மே 2021
எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஆக்சிஜன் எந்திரம் வந்து இறங்கியது. பெட்டி மேல் ஒரு தாள்: 'திறப்பு விழா வரை பிரிக்கக் கூடாது.' பன்னிரண்டு வருஷமாகக் கொல்லிமலையில் நர்ஸ் வேலை. இப்படியொரு தாளை இன்றுதான் பார்க்கிறேன்.

18 மே
அப்பாசாமி போய்விட்டார். மிளகுத் தோட்டத்துக்காரர், நாற்பத்தாறு வயசு. ஆக்சிஜன் அளவு எழுபத்தொன்பது. இங்கே டாக்டர் இடம் ஒரு வருஷமாகக் காலி. ஆம்புலன்ஸ் மலையேறி வர மூன்று மணி நேரமாம். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, கீழே இருக்கும் அதிகாரி முருகானந்தத்துக்கு போன் போட்டேன்.

"பெட்டியப் பிரிக்கட்டுங்களா சார்?"

"விழாவுக்குத் தேதி கேட்டிருக்கோம்மா. ரெண்டு நாள் பொறுங்க."

ஜீப்பில் ஏற்றினோம். பாதி மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் படுத்திருந்த கட்டிலுக்கு நாலடி தள்ளித்தான் பெட்டி. நான் ஏன் பிரிக்கவில்லை? வேலை போயிரும்னு பயந்தேனா? ஆமா. பயந்தேன்.

19 மே
அப்பாசாமியின் கொரோனா பரிசோதனை முடிவு வரவில்லையாம். அதனால் 'மூச்சுத் திணறல்' என்று மட்டும் எழுதச் சொல்கிறார்கள். மலையில் கொரோனா சாவே இல்லை! த்தூ.

24 மே
விழாத் தேதி இன்னும் வரவில்லை. இதே மலையில் இருக்கும் திண்ணனூர் நாட்டிலிருந்து பழனாயி, புருஷன் வெங்கிடுசாமியை ஆள் வைத்துக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தாள். ஆக்சிஜன் அளவு எண்பத்து மூன்று.

"கீழ அனுப்பீராதீங்க நர்சம்மா. அப்பாசாமியண்ணன் ரோட்டுலயே போயிட்டாருங்களே..."

போன் போடவில்லை. கத்திரிக்கோலால் பெட்டியை அறுத்தேன். எந்திரத்தை ஓடவிட்டு, குழாயை அவர் மூக்கில் மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்றொன்று. பழனாயி தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்.

27 மே
மெமோ. 'அனுமதியின்றி அரசுப் பொருளைத் திறந்தது ஏன்?'
ஆறு நாள் தாமதமாகத் திறந்தது ஏன் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்!

29 மே
அதையே பதிலாக எழுதிவிட்டேன். அப்பாசாமி பெயர், வந்த நேரம், போனில் எனக்குக் கிடைத்த உத்தரவு, எல்லாம். மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல்.

16 ஜூன்
அடிவாரத்துக்கு மாற்றல். 'நிர்வாகக் காரணம்' என்று போட்டிருக்கிறார்கள். அப்பாசாமி பற்றி ஒரு வரி பதில் இல்லை.

வெங்கிடுசாமி மரவள்ளிக் காட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டாராம். எந்திரத்தில் இன்று நான்காவது ஆள், அரியூர் நாட்டுப் பெண். எனக்குப் பதிலாக வந்த வித்யாஸ்ரீக்கு எந்திரத்தின் குப்பியில் தண்ணீர் ஊற்றுவது, குழாய் மாட்டுவது எல்லாம் செய்து காட்டினேன். சின்னப் பெண். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"இதப் போடறதுக்கு யாரைக் கேக்கோணுங்க அக்கா?"

"யாரையும் கேக்காத கண்ணு."