ஞாயிறன்று கை நீட்டுவேன்

வால்யெவோ,
நவம்பர், செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய கூம் மிலோவான் அவர்களுக்கு,

தெசாங்கா எழுதுவது. இங்கே நான் நலம். நாயும் நலம். உங்கள் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை, உங்கள் கடிதத்திலேயே அது வழிகிறது.

நெவேனாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. அவளுடைய ஞானஸ்நானத்தில் என் வீட்டுக்காரர் ரதோயேதான் அவளைத் தூக்கி நின்றார். பாதிரியார் மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய புதுச் சட்டையை நனைத்துவிட்டாள் உங்கள் மகள். அவள் மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி எழுதப்போவதில் நல்ல வார்த்தை குறைவு.

ரதோயே இல்லாததால், வரும் ஞாயிறு அவர் இடத்தில் நான் நின்று குழந்தையைத் தூக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளை மூன்று தலைமுறையாகத் தூக்கிப் பெயர் வைத்தவர்கள் எங்கள் வீட்டார். அந்த உறவில்தான் நீங்கள் எங்களுக்குக் கூம், நான் உங்களுக்குக் கூமா. அப்படி நிற்கச் சொல்லிக் கேட்டால் மறுக்கக் கூடாது. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் போய் நின்றுவிட்டு வர வேண்டும். நான் மறுக்கவில்லை. வருகிறேன். ஆனால் வரப்போவது என்ன என்று தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள்.

இங்கே குளிர் வந்துவிட்டது. பிளம் பழம் இந்த முறை நிறையக் காய்த்தும் பறிக்க ஆளில்லாமல் பாதி தரையில் அழுகியது. போன வாரம் அவருடைய அரையாண்டு நினைவுநாள். கல்லறைக்குக் கோதுமை வேகவைத்து எடுத்துப்போனேன். நீங்கள் வரவில்லை, மலர்வளையம் வந்தது. நல்ல பெரிய வளையம், தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். உங்கள் நாய்க்குட்டி வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று அதைப் பார்த்தே ஊர் புரிந்துகொண்டது.

நாயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் குடும்பக் காவலர் புனித நிக்கொலாஸ் விருந்துக்கு நீங்கள் உங்கள் ஊர் சுபோட்டிட்சாவிலிருந்து வந்தது நினைவிருக்கும். கோட்டுக்குள் கையைவிட்டு ஒரு கறுப்புக் குட்டியை எடுத்து ரதோயே மடியில் வைத்தீர்கள். அந்த மனிதர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக்கூட அந்த முகம் கிடைத்ததில்லை. அங்கேயே காரோ என்று பெயர் வைத்தார். மேசை நிறைய ஆட்கள் இருக்க, பிராந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "என் குட்டிங்க ஒரு தும்மல் போடாதுங்க கூமா! பால்குடி நாள்லேருந்தே தீனியில ஆன்டிபயாட்டிக் கலந்துதான் வெக்கிறேன். நோய் வந்தப்புறம் வைத்தியம் பாக்கறவன் முட்டாப்பய." எல்லோரும் சிரித்தோம். ரதோயே உங்கள் நலத்துக்குக் கோப்பையை உயர்த்தினார்.

தும்மவில்லைதான். போன வருடம் மார்ச் மாதத்தில் வயிறு முழுக்கச் சீழ்க்கொப்புளம் வந்தது. காது மடலைத் தூக்கினால் நாற்றம். உங்களுக்குப் போன் செய்தோம். "டாக்டரும் வேணாம் கீக்டரும் வேணாம், நான் அனுப்பறேன்" என்றீர்கள். மறுநாள் பஸ் டிரைவர் கையில் ஒரு ஊறுகாய்ப் பாட்டில் வந்தது, உள்ளே வெள்ளை மாத்திரை. ஒன்றில் பாதி காலை, பாதி மாலை. புண் காய்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், மீதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. ஒவ்வொரு முறையும் புண் பெரிதானது, மாத்திரை மட்டும் அதே மாத்திரை.

கடைசியில் நான்தான் பிடிவாதமாக நாயைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். சின்னப் பெண், கண்டிப்பானவள். புண்ணைத் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள்: "இது சாதாரணக் கிருமி இல்ல. வழக்கமா குடுக்கற எந்த மருந்துக்கும் சாகாது. மருந்தக் கொஞ்சங்கொஞ்சமா தின்னுப் பழகி வளந்த கிருமி. குட்டிய எங்க வாங்கினீங்க? கூடப் பிறந்ததையெல்லாம் பாத்தாகணும்."

என் ரதோயே, பொய் சொன்னால் காது சிவக்கும் மனிதர், "ரோட்டுல கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தோம்" என்றார். காது தக்காளியாகச் சிவந்தது. அந்தப் பெண் நம்பவில்லை. ஆனாலும் மருந்துத் தைலம் கொடுத்து நாயைக் குளிப்பாட்டச் சொன்னாள், தொட்டால் கை கழுவச் சொன்னாள், வீட்டில் யாருக்காவது அறுவைச் சிகிச்சை என்றால் இந்தக் கிருமியைப் பற்றி ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லிவிடும்படி படித்துப் படித்துச் சொன்னாள். தைலத்தில் நாய் தேறியது. ரோமம் மறுபடி முளைத்தது. இரவில் அவர் காலடியில்தான் படுக்கும்.

இந்த ஏப்ரலில் அவருக்கு இடுப்பு எலும்பை மாற்றினார்கள். நாயைப் பற்றி நாங்கள் அங்கே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கைத்தடியுடன் முற்றம்வரை நடந்தார். பிறகு தையலில் நீர் கசிந்தது, காய்ச்சல் ஏறியது, திரும்பவும் சேர்த்தோம். டாக்டர் கட்டிலருகில் நின்று கேட்டார், வீட்டில் நாய் பூனை ஏதாவது உண்டா என்று. நான் வாயைத் திறந்தேன். ரதோயே என் விரல்களைப் பிடித்து நெரித்தார். "ஒண்ணும் கெடையாது டாக்டர்" என்றார். நான் கத்தியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அவர் கை அப்படி நெருப்பாகச் சுட்டது, கூமே, அந்தக் கையை உதறிவிட்டு அவரைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர் போனதும் சண்டை போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்காகத்தான் சொன்னார்: "சொன்னா ஆபீசருங்க நேரா மிலோவான் வீட்டுக் கதவத் தட்டுவாங்க. அத்தன குட்டியையும் அள்ளிட்டுப் போவாங்க. கூம் மேல கை நீட்டிக் காட்டிக்குடுக்கறவன் மனுசனாடி? ஒரு காய்ச்சல் என்னைய என்ன பண்ணிடும்?"

கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. பரிசோதனை முடிவு வருவதற்குள் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது. அவர் போனபிறகு, உங்கள் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் பரிசோதனைத் தாளைத் திருப்பிப் பார்த்தார். "பிழைச்சிருப்பார்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மொத நாளே தெரிஞ்சிருந்தா சரியான மருந்துல ஆரம்பிச்சிருப்பேன்" என்றார். உங்கள் மலர்வளையத்தைத் தூக்கியபோது நான் நினைத்துக்கொண்டது இந்த வாக்கியத்தைத்தான்.

நினைவு தப்புவதற்கு முன் ரதோயே என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார். புனித நிக்கொலாஸ் விருந்தில் நாங்கள் ஏற்றும் மெழுகுவத்தி மேல் ஆணையாக, உங்களைப் பற்றி எந்த அதிகாரியிடமும் போகக் கூடாது என்று. செய்து கொடுத்தேன். உங்கள் நாய்க்கொட்டில் இன்றும் திறந்திருப்பது அந்தச் சத்தியத்தால்தான், உங்கள் சாமர்த்தியத்தால் அல்ல.

அடக்கத்தன்று உங்களைத் தனியே அழைத்துச் சொன்னபோது என்ன சொன்னீர்கள்? "அது ஆஸ்பத்திரிக் கிருமி கூமா. என் குட்டிங்க தங்கம். துக்கத்துல வாய்க்கு வந்தத பேசாதே." உங்களுக்கு நாக்குக் கூசவில்லை. குழிக்குள் மண் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அப்போதும் கூசவில்லை. அவர் உங்களைக் காட்டிக்கொடுக்காமல் செத்தார். நீங்கள் அவரை ஒரு வாக்கியத்தில் கைகழுவினீர்கள். மன்னிக்கச் சொல்லிப் பாதிரியார் சொல்கிறார். புருஷனைப் புதைத்தது அவரா?

நெவேனா போனில் வெள்ளந்தியாகச் சொன்னாள், இந்த இலையுதிர் காலத்துக் குட்டிகளும் விற்றுப்போயினவாம், அப்பா இப்போதும் தீனியில் மருந்து கலந்துதான் வைக்கிறாராம். அந்தக் குட்டிகள் எந்தெந்த மடியில் தூங்குகின்றன, கூமே? அந்த வீடுகளில் யாருக்கு அடுத்து அறுவை?

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் என்னையும் சோதிக்கச் சொன்னார். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள். இருக்கிறது. அதே கிருமி என் மூக்கில் குடியிருக்கிறது. எனக்கு ஒன்றும் செய்யாதாம். "ஆனா பச்சப்புண்ணத் தொடாதீங்க, கைக்குழந்தைங்களத் தூக்காதீங்க" என்றார். மூக்கில் தடவ ஒரு களிம்பும், குளிக்க ஒரு தைலமும் கொடுத்தார். ஒரு வாரம் போட்டால் பெரும்பாலும் போய்விடுமாம். களிம்பு ஜன்னலோரம், மெழுகுவத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் அழைப்பு வந்த நாளிலிருந்து அதன் மூடியை நான் திறக்கவில்லை.

ஞாயிறன்று உங்கள் கோவிலில் நிற்பேன். மேற்கே திரும்பிச் சாத்தான்மீது துப்பச் சொல்வார் பாதிரியார். அன்று எந்தப் பக்கம் துப்புவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு குழந்தையை வாங்கச் சொல்வார். நான் இரண்டு கையையும் நீட்டுவேன். உங்கள் குட்டிகள் தங்கம் என்றால் என் மூக்கில் இருப்பதும் தங்கம்தான், உங்கள் பேரனை என் கையில் வையுங்கள். வைக்க முடியாது என்றால், ஏன் முடியாது என்று அங்கே வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் உங்களிடம் குட்டி வாங்கியவர்கள். பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தது நான்தான், நீங்கள் அல்லவே.

இன்னொரு வழியும் இருக்கிறது. நீங்கள் அதற்குத் தகுதியானவர் இல்லை, நெவேனாவுக்காக எழுதுகிறேன். குட்டி வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே போன் செய்து, டாக்டரிடம் காட்டுங்கள், சோதித்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள். தீனியில் மருந்து கலப்பதை நிறுத்துங்கள். மகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவள் என்னைக் கூப்பிட்டு, "அப்பா எல்லாம் சொல்லிட்டார் கூமா" என்று சொன்னால், அன்றே களிம்பைத் திறப்பேன். ஞானஸ்நானத்தைத் தள்ளி வைப்போம். சோதித்து இல்லை என்று ஆன பிறகு வந்து தூக்குகிறேன். போன் வரவில்லை என்றால் சனிக்கிழமை பஸ்ஸில் ஏறுகிறேன்.

எந்த வழியானாலும் பெயர் வைப்பது நான். கூம் சொன்ன பெயரை யாரும் மாற்றக் கூடாது, அதுவும் உங்களுக்குத் தெரியும். குழந்தையைத் தொடாமலே சொல்ல முடியும்; பெயரில் கிருமி ஒட்டாது. ரதோயே என்று வைக்கிறேன். சாப்பிடக் கூப்பிட, பள்ளிக்கு எழுப்ப, தெருவில் விளையாடப் போனவனைத் தேட, சாகும்வரை தினமும் அந்தப் பெயரை உங்கள் வாயால் கூப்பிட வேண்டும். அது தண்டனையா, நான் கொடுத்த மரியாதையா என்பதை அவ்வப்போது நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தையும் பஸ் டிரைவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன், உங்கள் மாத்திரை வந்த வழியிலேயே. நான் எழுதி முடிக்கட்டும் என்று காரோ காலடியில் காத்திருக்கிறது. அதை வெறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நெவேனாவுக்குப் பால் நன்றாக ஊறட்டும். சின்ன ரதோயே நூறு வருடம் வாழட்டும். என் குட்டிகளிடம் நோய் இருக்கிறது என்ற அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லாதவரை, என் கை படாமலே வாழட்டும்.

உங்கள் கூமா,
தெசாங்கா