ஓட்டத்துக்கு முன் எடுத்த படம்

ஜனவரி 9, வெள்ளி

மூன்றாவது பந்தயத்தில் ஏழு குதிரை. நான் கொடுத்தது ஆறு படம். ரேஸ் கிளப் செயலாளர் கூப்பிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கோபம் என்று அர்த்தம்.

"ஏம்மா, உங்க அண்ணன் குதிரை வந்தா மட்டும் உங்க கேமரா கண்ண மூடிக்குமா?"

என்னத்தைச் சொல்வது? ஓடுவதற்கு முன்னால் படம் எடுத்தால் ஓட்டம் படத்திலேயே நின்றுவிடும் என்று அண்ணன் நம்புகிறார், பந்தயக் குதிரை பழக்குகிறவர் என்பதால் அவர் நம்பிக்கை லாயம் முழுவதற்கும் சட்டம், நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், ஆகவே நானும் நம்புகிறேன் - இப்படியா? பேட்டரி தீர்ந்துபோச்சு என்றேன்.

பெரிய பந்தயத்தன்று ஒரு குதிரை விட்டுப்போனாலும் நான் இனிமேல் வர வேண்டாமாம்.

ஜனவரி 11, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஊர்ல வேற வேலையே இல்லையா உனக்கு?" என்றார். இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்ததே தான்தான் என்று உறவுக்காரர்களிடம் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவரும் இவர்தான்.

அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது இந்த வீடுதான். இதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் லாயம் முழுவதும் தெரியும். வாரம் முழுக்கச் சாயங்காலம் ஆனால் ஐஸ் வாளி போகிறது, சீமான் என்ற குதிரை நிற்கும் கடைசி அறைக்கு. பெரிய பந்தயத்தில் எல்லோரும் பணம் கட்டப்போவது சீமான்மேல்தான். இடது முன்காலை வாளிக்குள் விட்டபடி, பள்ளிக்கூடத்தில் நிற்கவைத்த பிள்ளை மாதிரி நிற்கிறது.

அதைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரரிடம் கேட்டேன். "சும்மாம்மா, குளிர்ச்சிக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எடுத்தேன்.

ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக் வளையத்தில் குதிரைகள் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஜாக்கிகள் இன்னும் ஏறவில்லை. மற்ற எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு, சீமான் வரும்போது என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது சீமானின் முதலாளி மனைவியோடு உள்ளே வந்தார். "போட்டோக்காரம்மா, எங்களையும் குதிரையையும் சேத்து ஒண்ணு எடுங்க." பக்கத்தில் அண்ணன். முதலாளியைப் பார்த்து ஒரு சிரிப்பு, என்னைப் பார்த்து ஒரு முறைப்பு. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

குதிரைப் படத்தில் நாலு காலும் தெரிய வேண்டும், காது இரண்டும் முன்னால் நிமிர வேண்டும். காதுக்காகக் குதிரைக்காரர் பையிலிருந்து மிட்டாய்த் தாளை எடுத்துக் கசக்குவார். கசக்கினார். சீமான் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. அப்படி ஒரு படம் எனக்கு இதுவரை அமைந்ததில்லை.

கடைசி வளைவில் விழுந்தது. இடது முன்கால். பச்சைத் திரையைச் சுற்றிக் கட்டினார்கள். திரை கட்டினால் உள்ளே ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று கூட்டத்துக்கே தெரியும். ஜாக்கி தானாக எழுந்து நடந்தார். சீமான் எழவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று அண்ணன் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அண்ணி எனக்குப் பரிமாற வந்ததும், "அவளுக்கு எதுக்கு? அதான் வந்த வேலைய முடிச்சிட்டாளே" என்றார். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? கூடப் பிறந்தவ கண்ணே..." என்று இழுத்தார்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. "வாரம் பூரா சீமானோட கால ஐஸ் வாளில வெச்சிருந்தீங்களேண்ணா, அது யார் கண்ணு பட்டு?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். குரல்கூட உயரவில்லை. "குதிரையப் பத்தி உனக்கென்ன தெரியும்? நீ பொத்தான அமுக்குறவ. மாடிய காலி பண்ணிடு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்கள்! நான் என்ன பண்ணினேன்? எடுங்கன்னு சொன்னாங்க, எடுத்தேன். அந்த ஆள் அங்கதானே நின்னாரு? ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருந்தா வேலை போனாலும் போகட்டும்னு எடுக்காம இருந்திருப்பேனே. இருந்திருப்பேனா?

பிப்ரவரி 8, ஞாயிறு

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்.

மார்ச் 14, சனி

செய்தி பரவிவிட்டது. பேடக்கில் நான் கேமராவைத் தூக்கினால் குதிரையை மறுபக்கம் திருப்புகிறார்கள். ஒருவர் துண்டை எடுத்துக் குதிரையின் முகத்தில் போட்டார். "போட்டோக்கார அக்கா வந்தாச்சு, ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுங்கப்பா" என்றான் ஒரு ஜாக்கி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

அங்கே கண்ணாடியில் என் கண்ணை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பைத்தியம் பிடிக்கப்போகிறது எனக்கு.

ஏப்ரல் 20, திங்கள்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். புகழ் எங்கே போகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. சீமான் படத்தைச் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கி, கிளப் வாசலில் மாட்டியிருக்கிறார் முதலாளி. 'அற்புதம்' என்று கை கொடுத்தார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றாமலே பாராட்டினார். செத்த குதிரையை வைத்து எனக்கு நிரந்தர வேலையும் கிடைத்துவிட்டது.

அண்ணன் இப்போது பின்வாசல் வழியாகத்தான் வருகிறாராம்.

ஜூலை 16, வியாழன்

கடைத்தெருவில் அண்ணி. இளைத்திருக்கிறாள். "உன் மேல தப்புன்னு நான் சொல்லலம்மா. ஆனா..." என்றாள். அந்த ஆனாவுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவளே இவள்தான். அவளுக்குத் தெரியாதா?

அக்டோபர் 3, சனி

அண்ணன் வந்தார்! படியேறி, மூச்சு வாங்கி, கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்துப்போயிருக்கிறது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது எவ்வளவு உண்மை. எட்டு மாதக் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை, "உக்காருங்கண்ணா, காபி போடறேன்" என்று ஓடினேன். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"காத்தே வரலியே இங்க" என்றார்.

அடுத்து, வீட்டுக்கு வா என்பார் என்று நினைத்தேன். பால் பொங்கி வழிந்தது, துடைத்துக்கொண்டே காத்திருந்தேன்.

"நாளைக்குப் பெரிய பந்தயத்துக்கு பேடக்ல நீதானே?"

"ஆமாண்ணா."

"அந்த வெள்ளைக் குதிரை... அதத்தான் எல்லாரும் சொல்றாங்க. எங்க பொட்டைக் குதிரைக்கு அது ஒண்ணுதான் போட்டி." காபியை ஆற்றினார். "அத ஒரு நாலு படம் நல்லா எடு. கிட்டக்கப் போய் எடு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினேன். வேறு என்ன செய்வது? போகும்போது, "என் குதிரைப் பக்கம் வந்துடாத" என்றார்.

அக்டோபர் 4, ஞாயிறு

வெள்ளைக் குதிரைதான் பேடக்குக்கு முதலில் வந்தது. எதிர்ப்புறத்திலிருந்து அண்ணன் முகவாயால் அதைக் காட்டினார். நான் கேமராவை இறக்கிக்கொண்டு, அவருடைய பெண்குதிரை வருகிறவரை நின்றேன். வந்ததும் தூக்கினேன்.

அண்ணன் ஓடி வந்தார். இந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. குதிரைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் குதிரை கிடைத்திருக்கும். நகரவில்லை. என் லென்ஸுக்குள் அண்ணன் முகம் மட்டும் இருந்தது, உதடு நடுங்கிக்கொண்டு.

தன் தப்பை மறைக்க என் தலையில் பழியைப் போட்டார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால்கூடத் தேவலை. என்றைக்காவது ஒரு நாள் வெட்கப்பட்டிருப்பார். அந்த மனுஷர் நிஜமாகவே என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அண்ணன்.

அமுக்கினேன்.

அவர் குதிரைதான் ஜெயித்தது. மறைத்து நின்றதால்தான் ஜெயித்தது என்று கோப்பையைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாராம். வெள்ளைக்கு இரண்டாம் இடம், நான் படமே எடுக்காவிட்டாலும் அதற்குக் காரணமும் நான்தான் என்று அதன் லாயத்தில் பேச்சு.

மாடி வீட்டுச் சாவி இத்தனை மாதமும் என் கைப்பையிலேயே கிடந்தது. திரும்பி வரும் வழியில் அண்ணன் வீட்டுக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டேன். உள்ளே போகச் சொன்னார். வேலை இருக்கிறது என்றேன்.