தொப்பிக்கு ஒரு கதிரை

ஒக்ரோபர் 12, ஞாயிறு

இனி எழுதப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இந்தக் கொப்பியில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

யூனியன்வில்லில் தங்கச்சி வீட்டில் மத்தியானம் நன்றி நவிலல் விடுமுறைக்கான வான்கோழி விருந்து. சபை நிறைந்திருந்தது. எங்கள் ரொறன்ரோ ஃபுட்போல் அணியின் வரலாற்றை எடுத்துவிட்டேன். படகு வலிக்காத மாதங்களில் உடம்பு ஊதாமலிருக்க 1873இல் படகோட்டிகள் தொடங்கிய அணி அது. முதல் போட்டிக்குப் படகோடுதான் மைதானத்துக்குள் இறங்கினார்கள், சுக்கான் பிடித்தது நான் என்றேன்.

"அப்ப மாமாவுக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல," என்றான் தங்கச்சியின் மகன் ரூபன்.

"ஓமடா, பல்லு மட்டும்தான் புதுசு."

இந்த ரூபன் பத்து வருடம் ஒரு போட்டி விடாமல் என்னோடு வந்தவன். கல்யாணம் கட்டி ஒஷாவாவுக்குப் போனபிறகு வருவதில்லை. சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். "இந்த வருஷமும் உனக்கும் சேர்த்துத்தான் ரிக்கற் எடுத்தனான். கதிரையில உன்ர பழைய தொப்பியை வைச்சு, அதோட கதைச்சுக்கொண்டு பாத்தனான்."

வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரூபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "தொப்பி என்ன சொன்னது மாமா?"

மிச்சமிருக்கிற கடைசிப் போட்டிக்கு நீ வாறியோ என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். "நடுவருக்குக் கண் தெரியேல்லை எண்டு சொன்னது," என்று வந்துவிட்டது. இன்னும் பெரிய சிரிப்பு.

சுக்கான் பிடித்தது பொய். தொப்பி வாய் திறந்ததும் பொய். நான் அதோடு கதைத்தது மட்டும்தான் உண்மை.