கேதீசுக்கு எந்தப் பூ

19.4.96, வெள்ளி

மனுகாவ் மோல் வாசலில் மெடல் குத்திய கிழவர்கள் இரண்டு பேர் தட்டோடு நின்றார்கள். உண்டியலில் சில்லறை போட்டால் ஒரு சிவப்புப் பொப்பிப் பூ தருவார்கள். வியாழக்கிழமை அன்சாக் நாள். சண்டைகளில் செத்த இந்த நாட்டுப் பிள்ளைகளை நினைத்து எல்லாரும் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிறார்கள். நானும் குத்தினேன். ஏன் குத்தினேன்? கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். சிரிக்கிற மனிசருக்கு மாட்டன் என்று சொல்ல எனக்கு வராது.

தையல் கடையில் ஜெயா குத்தவில்லை. அவள் கிள்ளான்காரி, மலாய் நாட்டுத் தமிழ். நான் காற்சட்டைக்குக் கரை மடிப்பேன், அவள் ஸிப் மாற்றித் தைப்பாள், இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. இன்றைக்கு அவளுக்குக் கோபம். "எங்க தாத்தாவ சயாம் ரயில் போட ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போனான் அக்கா. போனவரு போனவருதான். அங்க செத்த வெள்ளைக்காரனுக்கெல்லாம் பேர் வெட்டின கல்லு இருக்கு. எங்க தாத்தாவுக்குக் கல்லும் இல்ல, பூவும் இல்ல. நான் எதுக்குக் குத்தணும்?" பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு அழகாத்தான் இருக்கு லா" என்றாள். அவளுக்கு முழுசாகக் கோபப்படவும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மகள் பிரணவி பூவைத் தொட்டுப் பார்த்தாள். செத்துப்போன கேதீஸ் மாமாவுக்கா என்று இங்கிலீசில் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

வாயில் வந்துவிட்டது. இனி என்ன செய்ய.

25.4.96, வியாழன்

ஒடாஹுஹுவில் போர் நினைவுக் குதிரைக்காரன் சிலையடியில் அன்சாக் கூட்டம். பிரணவியின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடினார்கள். கல்லில் ஒரே குடும்பப் பேர் அடுத்தடுத்து மூன்று தரம் வெட்டியிருந்தது. அந்தத் தாயை நினைத்து அங்கேயே நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற மாவோரி மனிசி ஒன்றும் கேட்காமல் ஒரு டிஷ்யூ தந்தா.

இவர் டெயரி என்கிற மூலைக்கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். சட்டையில் பூ இல்லை. "இது வெள்ளைக்காரன்ர சண்டை, ரதி. எங்கட சண்டையில செத்த பிள்ளையளுக்கு நவம்பரில நினைவுநாள் இருக்கு."

"அப்ப கேதீசுக்கு எந்த மாதம்?" என்று கேட்டேன்.

கார்த் திறப்பை எடுத்துக் காரைத் திறக்கப் போய்விட்டார்.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் தங்கள் பூவைச் சிலையடியில் வைத்தார்கள். பிரணவி வைக்கவில்லை. கொண்டுவந்து சாமித்தட்டில் இருக்கிற கேதீசின் படத்துச் சட்டத்தில் செருகினாள். நான் எடுக்கவில்லை.

10.5.96, வெள்ளி

தம்பி கேதீசின் திவசம். திதிப்படி வருவதால் வருசா வருசம் தேதி மாறும். திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சமைத்தேன். இங்கே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? பழக்கம்.

பிரணவிக்கு, மாமாவை இராணுவம் சுட்டது என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறோம். ஆமி இல்லை. எங்கட இயக்கப் பொடியள்தான். அவன் மற்ற இயக்கத்துக்குப் போனவன், அதுதான் குற்றம். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள். உடம்பைக்கூட அம்மாவிடம் கொடுக்கவில்லை. பத்து வருசமாச்சு.

கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்தேன். அதென்றால் அவன் சட்டியையே வழித்துவிடுவான். இவர் இருந்து சாப்பிட்டார். இரண்டாந்தரமும் குழம்பு வாங்கினார். கேதீசின் பேரைச் சொல்ல மாட்டார், கேதீசின் கறியைச் சாப்பிடுவார்.

14.7.96

மழை. பிரணவிக்கு இருமல். எழுத ஒன்றுமில்லை.

20.10.96, ஞாயிறு

தியாகலிங்கம் அண்ணை வந்தார். தமிழ்ச் சங்கத்தில், இயக்கத்தில் செத்த பிள்ளைகளுக்கான நவம்பர் நினைவுநாள் வேலைகள் அவர் பொறுப்பு. "தங்கச்சி, போன முறை கடதாசியில செய்த பூ எல்லாம் வாடின கீரை மாதிரிக் கிடந்தது. நீங்கள் தையல்காரி. துணியில கார்த்திகைப்பூ செய்து தாங்கோவன்" என்றார்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஓம் என்றேன்.

எப்படி மாட்டன் என்கிறது? நாங்கள் வந்து இறங்கின அன்று விமான நிலையத்தில் எங்களுக்காக நின்ற ஒரே ஆள் தியாகலிங்கம் அண்ணை. தன் வீட்டு மெத்தையைத் தந்துவிட்டுத் தான் பாயில் படுத்தவர். நல்ல மனிசன். அதுதான் எனக்கு இன்னும் பெரிய கரைச்சல். கெட்ட மனிசன் என்றால் கதவைச் சாத்தியிருப்பேன்.

10.11.96, ஞாயிறு

ஜெயா உதவிக்கு வந்தாள். கார்த்திகைப்பூ என்கிற காந்தளுக்கு அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரம் நெளி நெளியாக வரவேண்டும். ஈரத்துணியை விரலில் சுற்றி அழுத்திக் காயவிட்டால் நெளிவு அப்படியே நிற்கிறது. பிரணவிக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்துவிட்டது.

பிரணவி எழும்பிப் போன நேரம் ஜெயா மெல்லக் கேட்டாள். கேதீசின் கதை இந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் சொன்னேன். "உங்க தம்பியச் சுட்டவங்க பூவையே தைக்கிறீங்களே அக்கா, கை வருதா?"

"பூ என்னடியப்பா செய்தது? இயக்கம் தொடுறதுக்கு முதல் இது எங்கட வேலியில பூத்தது. கிழங்கு நஞ்சு எண்டு அம்மா கத்தக் கத்த அவன் பிடுங்கிக் காதில செருகிக்கொண்டு திரிவான், விசரன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பிறகு ஒரு பூவைக் கைக்குள் வைத்துக் கசக்கிவிட்டேன். ஏன் என்று தெரியாது. இயக்கத்தில் செத்துப்போன அந்தப் பிள்ளைகளும் ஆரோ ஒருத்தியின் தம்பிமார்தானே. அவளுகளும் என்னைப்போல ஒவ்வொரு வருசமும் கறி வைத்துப் படைப்பாளுகள். கசக்கின பூவைத் திரும்ப நனைத்து நிமிர்த்தி எடுத்தேன். பழுது இல்லை.

24.11.96

தங்கள் வீட்டில் சண்டையில் இறந்தவர்களின் படம் இருந்தால் மண்டபத்துக்குக் கொண்டுவரட்டாம். தியாகலிங்கம் அண்ணை போனில் சொன்னார். பிரணவிதான் எடுத்தாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

28.11.96, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கும் ஏலுமோ தெரியாது.

மண்டபத்துக்கு நான் வேலையிலிருந்து நேரே போனேன். இவரும் பிரணவியும் முதலே போய்விட்டார்கள். மேசை நிறையப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் தைத்த பூ. வடிவாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கல்யாணி அக்கா முதல் விளக்கை ஏற்றினா. அவவின் மகன் ஆனையிறவுச் சண்டையில் செத்தவன். ஒரே பிள்ளை.

வரிசையின் கடைசியில் பார்த்தால் — என்ர கேதீஸ்!

சாமித்தட்டில இருந்த அதே படம். சட்டத்தில சிவப்புப் பொப்பி, முன்னால கார்த்திகைப்பூ. பிரணவி பைக்குள்ள வைச்சுக் கொண்டுவந்திருக்கிறாள். மாமாவும் சண்டையிலதானே செத்தவர் எண்டு அந்தப் பிள்ளை நினைச்சுது. நாங்கள் சொன்னதைத்தானே நம்பினது! என்னைப் பாத்துச் சிரிச்சுது.

தியாகலிங்கம் அண்ணை எங்கள் ஊர் ஆள். கேதீசின் முகம் தெரியும். கிட்ட வந்து, ஒருத்தருக்கும் கேட்காமல், "தங்கச்சி, படத்தை எடுங்கோ. இஞ்ச பிரச்சினை வேண்டாம்" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். பின்னால் யாரோ ஒரு ஆள் 'துரோகி' என்று சொன்னது கேட்டது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

படத்தை எடுத்தேன். "Why, Amma? மாமாவும் செத்தவர்தானே?" என்று பிரணவி உரத்துக் கேட்டாள். முழு மண்டபமும் கேட்டது.

இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிலத்தில் அப்படி என்னத்தைக் கண்டாரோ.

30.11.96, சனி

பிரணவிக்குச் சொன்னேன். குசினி மேசையடியில் இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துச் சொன்னேன். ஆமி இல்லை பிள்ளை, எங்கட ஆக்கள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. மாமாவுக்குப் பயமாக இருந்திருக்குமா என்று கேட்டாள். அதை மட்டும் நான் என்னை ஒரு நாளும் நினைக்க விட்டதில்லை. இருந்திருக்கும், என்றேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

8.12.96, ஞாயிறு

ரோட்டோரம் பொஹுடுகாவா மரமெல்லாம் சிவப்பாய்ப் பூத்து நிற்கிறது. சங்கத்திலிருந்து ஒரு போன் இல்லை.

இன்று இவருடன் சண்டை பிடித்துவிட்டேன். "என்ர தம்பியின்ர படத்தை நான் தனியத் தூக்கிக்கொண்டு வாறன், நீங்கள் மரம் மாதிரி நிக்கிறியள்! அவன் உங்களை அத்தான் அத்தான் எண்டு பின்னால திரிஞ்சவனல்லோ? உங்கட சைக்கிளுக்கு ஆர் காத்தடிச்சது?"

"எனக்குப் பயம், ரதி" என்றார். "என்ர அக்கா குடும்பம் இடம்பெயர்ந்து வன்னியில, இயக்கத்தின்ர கைக்குள்ள, மரத்தடியில கிடக்குது. இஞ்ச ஒரு சொல் சொன்னா அங்க ஆருக்கு என்ன நடக்குமோ. அவன்ர பேரைச் சொல்ல வாயெடுத்தா அக்கான்ர பிள்ளையளின்ர முகம் வருது." பதினாறு வருசக் குடித்தனத்தில் பயம் என்று இவர் சொன்னது இதுதான் முதல் தரம். நான் நினைத்தது வெட்கம் என்று. பயத்தோடு என்னென்று சண்டை பிடிக்கிறது? எழும்பிப் போய்ச் சாப்பாடு போட்டேன்.

15.2.97, சனி

ஒடாஹுஹு மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு கை வந்து என் கையைப் பிடிக்குது. கல்யாணி அக்கா. மண்டபத்தில் விளக்கேற்றின கை. ஏசப் போறாவோ என்று நினைத்தேன்.

"பிள்ளை, அண்டைக்கு அந்தப் படத்தைப் பாத்தனான். வடிவான பெடியன்" என்றா. பிறகு வெண்டிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னா. "என்ர மகன் எண்பத்தாறில இயக்கத்தில இருந்தவன். மற்ற இயக்கப் பிள்ளையளைச் சுட்ட அந்தச் சித்திரையில அவன் எங்க நிண்டவன், என்ன செய்தவன் எண்டு நான் கேக்கேல்லை. கேக்கப் பயந்தனான். இப்ப கேக்க அவனும் இல்லை."

அவவின் கையை விடாமல் நின்றேன். கடைக்காரன் வெண்டிக்காய் வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கிறான்.

போகும்போது கேட்டா, "தம்பிக்குத் திவசம் எப்ப?"

இத்தனை வருசத்தில் யாரும் கேட்காத கேள்வி.

19.4.97, சனி

உடுப்புத் தோய்க்க எடுக்கும்போது கையில் ஊசி குத்தியது. இவர் பஸ் ஓட்டப் போடுகிற யூனிபோர்ம் சட்டை, இடப்பக்கப் பையில் சிவப்புப் பொப்பி!

கொண்டுபோய் முன்னால் நீட்டினேன். "இது வெள்ளைக்காரன்ர சண்டையெல்லோ?"

பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னார். "பஸ்ஸில ஏறின கிழவி ஒண்டு, ஆருக்காகக் குத்தியிருக்கிறாய் எண்டு கேட்டுது. என்ர மச்சானுக்கு எண்டன். பேர் என்ன எண்டுது."

"சொன்னியளோ?"

"கேதீஸ்வரன் எண்டன். அதுக்கு வாயில வரேல்லை. ரெண்டு மூண்டு தரம் சொல்லிக் குடுத்தன். பின்னால பஸ் எல்லாம் ஹோர்ன் அடிக்குது."

ஒரு தரம் சொல்லப் பயந்த மனிசன் மூன்று தரம் சொல்லியிருக்கிறார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்க் குளியலறையில் இருந்து அழுதேன். திங்கட்கிழமை ஜெயாவுக்குச் சொல்லவேண்டும்.

25.4.97

இவரும் வந்தார். சிலையடியில் எங்கள் பக்கத்திலேயே நின்றார். ஜெயாவும் வந்தாள், பூ இல்லாமல்தான். குத்த மாட்டாளாம், ஆனால் தாத்தாவுக்காகப் பத்து நிமிசம் சும்மா நிற்கலாமாம்.

30.4.97, புதன்

கேதீசின் திவசம். இந்த முறை திரைச்சீலையை இழுத்துவிடவில்லை.

தியாகலிங்கம் அண்ணைக்கும் இவரே போன் எடுத்துச் சொன்னார். "என்ர மச்சானுக்குத் திவசம், வாங்கோ" என்று, ஒளிக்காமல். அண்ணை வரவில்லை. போனை வைக்கும்போது, "தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு" என்றாராம். சரி. அதுவும் வரட்டும், மெல்ல.

கல்யாணி அக்கா வந்தா. தோட்டத்துச் செவ்வந்தியை மாலையாகக் கட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தா. இருந்ததும் முதல் கேள்வி, "தம்பிக்கு என்ன கறி விருப்பம்?" கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு என்றேன். "என்ர பெடியனுக்கும் அதுதான்!" என்றா. இரண்டு பேருக்கும் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

பிறகு கைப்பையைத் திறந்து மகனின் படத்தை எடுத்தா. சீருடையில் இல்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில், எண்ணெய் வைத்து இழுத்த தலை. "பிள்ளை, குறை நினைக்காட்டி..." என்று இழுத்தா.

உண்மையை எழுதுகிறேன். வாங்க மனம் வரவில்லை. நான் நிற்க, பிரணவி வாங்கி, கேதீசின் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் வைத்தாள். செவ்வந்தி மாலை நீளமாக இருந்தது. இரண்டு படத்துக்கும் சேர்த்துப் போட்டாள். இவர் கற்பூரம் கொளுத்தினார். வெளிச்சத்தில் பார்த்தேன், இரண்டும் பிள்ளை முகங்கள். மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை.

எல்லாரும் இருந்து சாப்பிட்டோம். இவர் வழமைபோல இரண்டாந்தரமும் குழம்பு வாங்கினார். "கேதீஸ் இருந்தா எனக்கு மிஞ்சியிருக்காது" என்றார்.

கல்யாணி அக்கா காரில் ஏறின பிறகுதான் கண்டேன், படம் தட்டிலேயே இருக்குது. எடுத்துக்கொண்டு ஓடினேன். "அக்கா, மறந்திட்டியள்!"

கண்ணாடியை இறக்கினா. "மறக்கேல்லை, பிள்ளை. உங்கட தம்பிக்குப் பக்கத்திலயே கிடக்கட்டும்" என்றா.