அந்த அம்மா வராத கதை

மார்ச் 3, திங்கள்
முழங்கால் வலி விடவில்லை. பேத்தி போனில் ஏதோ செய்து கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். "உங்க கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலிக்குது தாத்தா, இதுகிட்டச் சொல்லுங்க."

ஏழு மணிக்கு டிவியில் ஒரு பள்ளிக்கூட சீரியல். பேத்தி அதில் வரும் சுருட்டைமுடிப் பையனுக்காகப் பார்க்கிறாள். நான் வகுப்பறைக்காக. பள்ளிக்கூடங்களுக்குள் நான் போனதெல்லாம் லீவு நாளில், பெயிண்ட் அடிக்க. பெஞ்செல்லாம் காலியாகக் கிடக்கும். பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்டு. அவள் வந்து சாப்பிடும்போது அன்றைய கதையை நான் சொல்ல வேண்டும், யார் என்ன நிற ரிப்பன் கட்டியிருந்தாள் என்பதுவரை. மகன் தவறிப்போன பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது இதைத்தான்.

மார்ச் 5, புதன்
சீரியலில் கதாநாயகியாக வரும் பெண்ணின் அம்மா — புருஷனை இழந்தவள் — ஓட்டப்பந்தய மாஸ்டரோடு டீக்கடையில் சிரித்துப் பேசினாள். மருமகளிடம் பரீட்சைக் காட்சியை மட்டும் சொன்னேன். அந்த அம்மாவை விட்டுவிட்டேன்.

ஏன்? ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் மருமகளைத் தெருமுனையில் இறக்கிவிடுவதை ஜன்னலில் பார்த்திருக்கிறேன். அதான். இவள் போனால் பேத்தியும் போவாள். நான் எங்கே போவேன்?

மார்ச் 7, வெள்ளி
இன்றும் விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்
"அந்தப் பொண்ணு வீட்டுப் பெரியவங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்களா மாமா?" என்றாள் மருமகள், சாப்பிட்டுக்கொண்டே.

"பள்ளிக்கூடக் கதையில அவங்களுக்கு என்னம்மா வேலை?"

தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "வார்டுல நர்ஸுங்க எல்லாரும் பார்க்கறாங்க. அந்த அம்மா கதை எனக்குத் தெரியும் மாமா. நீங்க சொல்றீங்களான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

திட்டியிருக்கலாம் அவ. திட்டலை.

மார்ச் 12, புதன்
விளம்பர நேரத்தில் பேத்தியிடம் கேட்டேன். "அந்த அம்மா மாஸ்டரைக் கட்டிக்கிட்டா பொண்ணு என்ன பண்ணும்?"

"முதல்ல கதவைச் சாத்திக்கும். பசிச்சா திறக்கும்."

"தாத்தா என்ன பண்ணுவாரு?"

"இந்த சீரியல்ல தாத்தாவே இல்லையே."

மார்ச் 14, வெள்ளி
இன்று எதையும் விடவில்லை. மாஸ்டர் கேட்டது, அந்த அம்மா பதில் சொல்லாமல் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றது, எல்லாம் சொன்னேன். மருமகள் சாப்பிடாமல் கேட்டாள்.

"எதுக்கு மாமா யோசிக்கிறாங்க?"

"வீட்டுல ஒரு கிழவன் இருக்கானேன்னுதான்."

"சீரியல்லயா?"

"ஆமா."

"வார்டுல யாரும் அப்படிச் சொல்லலையே."

அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். பிறகு சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை அந்த டிரைவரை வரச் சொல்லும்மா. வாசல் இருக்கும்போது தெருமுனையில எதுக்கு?"

மார்ச் 16, ஞாயிறு
டிரைவர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பேச்சு ஓடவில்லை. பேத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அந்தப் பள்ளிக்கூட சீரியல் பார்ப்பீங்களா?" என்று கேட்டேன். நேரமில்லை என்றார். "முதல்லேருந்து சொல்லவா?"

"சொல்லுங்கய்யா." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

சொன்னேன். நான் எங்கே இருப்பேன் என்று யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சுருட்டைமுடிப் பையன் ஓட்டத்தில் விழும் இடத்துக்கு வந்திருந்தேன்.

கதவு திறந்தது. "சாப்பிட என்ன இருக்கு?" என்றாள் பேத்தி.