அந்தமானுக்குப் போன ஏழு குரல்

2025 ஜனவரி 6, திங்கள்

இன்றிலிருந்து பேசக்கூடாது. பாடக்கூடாது, முனகக்கூடாது, செருமக்கூடாது. கிசுகிசுப்பது பேசுவதைவிடக் கெடுதலாம். டாக்டரம்மா தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். குரல்நாண் இரண்டிலும் எதிரெதிரே முடிச்சு. ஒரு பக்கம் ரத்தக்குழாய் சிவந்து வீங்கி நிற்கிறது. "மார்ச் வரைக்கும் மௌனம். நடுவுல வம்புக்குப் பாடி இது வெடிச்சுன்னா, பொறவு வாரது வேற குரலா இருக்கும்" என்றார்.

எல்லாம் டிசம்பர் செய்த வேலை. பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் என்றால் மாதம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பனியில் கத்துவதுதான். குரல் கட்டிய பிறகும் சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டுக் கத்தினேன். அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள், எவள் கேட்டாள்?

பிப்ரவரியில் அந்தமான் பயணம். போர்ட் பிளேயரில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் எங்கள் கல்லூரிக் குழுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் ஏழு பேர். கீபோர்டு கிடையாது, கிடார் கிடையாது, ஏழு குரல்தான். அடியில் குழுத்தலைவன் பெனோவின் கட்டைக்குரல், உச்சியில் நான். வாத்தியம் இல்லாமல் பாடுகிற குழுவுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு, பாட்டு போகப் போகச் சுருதி இறங்கும். எங்களுக்கு இறங்காது. அதற்குக் காரணம் நான்தான் என்று பெனோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். "கெசியாதாம்லே ஆணி. அவ மேல நிக்கிற வரைக்கும் நாம எறங்க மாட்டோம்."

ஆணி கழன்றாயிற்று. வாயை வைத்துப் பிழைத்தவள் இனி எங்கே போய்க் கொட்டுவேன்? அதனால் இந்த நோட்டு.

ஜனவரி 9, வியாழன்

பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த வீட்டு அக்கா என்னிடம் கத்திக் கத்திப் பேசுகிறாள். அம்மா வேறு, "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்லுவாவ, இவ என்னத்தக் கெடுக்கப் போறாளோ" என்று சிரிக்கிறாள். சிரித்துவிட்டு, ராச்சாப்பாட்டு ஜெபத்தில் என் தொண்டைக்காக அழுதாள். அப்பா மட்டும் எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுகிறார். என் கேள்வியை அவரே கேட்டு அவரே பதிலும் சொல்கிறார். பாதி தப்பு. திருத்த வழியில்லை.

ஜனவரி 17, வெள்ளி

என் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று. சுப்ரஜா, முதலாமாண்டு, ஆழ்வார்குறிச்சிப் பிள்ளை. சின்ன வயதிலிருந்து பாட்டு டீச்சரிடம் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு கர்நாடகம் படித்தவள். நாலு குரல் சேர்த்துப் பாடுவது என்றால் என்னவென்றே தெரியாது. நெற்றியில் திருநீறு, கையில் என் பாட்டுத்தாள். நான் போனில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'கமகம் வேண்டாம்', 'நேராப் பிடி', 'அசைக்காதே.' எல்லாவற்றுக்கும் "சரிக்கா."

இன்று பெனோ இசையமைத்த ஆற்றுப் பாட்டை முழுக்கப் பாடினார்கள். எட்டு நிமிடப் பாட்டு. முடிகிற இடத்தில் பெனோ சுருதி பார்க்கிற டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் காதில் வைத்தான். மயிரிழைகூட இறங்கவில்லை.

இறங்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்தேன். அழுதால்கூடச் சத்தம் வரக்கூடாதாம்.

ஜனவரி 24, வெள்ளி

இன்றும் இறங்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

நான் வரவில்லை என்று பெனோவுக்கு மெசேஜ் போட்டேன். வாசலில் வந்து நின்றுவிட்டான். "ஏட்டி, ஃபோர்க்கைத் தட்டி சுருதி குடுக்க ஆள் வேணும்லா? நீ வந்து சும்மா நில்லு." சும்மா நிற்பதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டுமாம். அப்பா, "போய்ட்டு வரட்டும்டே, வீட்டுல கெடந்து என்ன செய்யப் போறா" என்று எனக்குப் பதிலாகச் சம்மதித்துவிட்டார்.

போகிறேன். இல்லாவிட்டால் என்னை மறந்தே விடுவார்கள்.

பிப்ரவரி 5, புதன். கப்பலில்

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து கப்பல். ஏழு பேருக்கும் வாந்தி. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. பாடுகிறவர்களுக்குத்தான் கடல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. சுப்ரஜா மேல்தளத்தில் நாரத்தங்காயை நக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் தண்ணீர் கொண்டு வைத்தேன். "ரொம்பத் தேங்க்ஸ்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளை வெறுக்கவும் முடியவில்லை. அது வேறு எரிச்சல்.

பிப்ரவரி 8, சனி. போர்ட் பிளேயர்

இறங்கிவிட்டது.

நிதானமாக எழுதுகிறேன். தமிழர்கள் கூடுகிற ஒரு மண்டபம். கடலைப் பார்த்த பெரிய ஜன்னல்கள், வெளியே தென்னை, புழுக்கம். கூட்டம் நல்ல கூட்டம். பெனோ வழக்கம்போல, "எங்களுக்கு வாத்தியம் கிடையாது, தொண்டைதான் வாத்தியம்" என்று பீற்றிக்கொண்டான். நான் ஃபோர்க்கைத் தட்டிச் சுருதி கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றேன்.

இரண்டாவது சரணத்தில் கால் ஸ்வரம் இறங்கியது. நாலாவதில் ஒரு முழு ஸ்வரம். பெனோவுக்கு அடியில் போக இடமில்லாமல் வெறும் காற்றுதான் வந்தது. சுப்ரஜா மிரண்டு போய் யாரையாவது பிடித்துக்கொள்ளலாமா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பாட்டு எங்கேயோ சேற்றில் போய் முடிந்தது.

எங்களை அழைத்த கிருபைராஜ் அண்ணாச்சி நல்ல மனிதர். நாசரேத்திலிருந்து வந்து இங்கே பாத்திரக்கடை வைத்திருக்கிறார். "ஆரம்பம் நல்லாத்தான் ஆரம்பிச்சிய. பொறவு பைய பைய கெணத்துக்குள்ள எறங்குத மாதிரி இருந்துச்சு வே. அது அப்படித்தான் பாடணுமோ?" பெனோ தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று இங்கேதான் எழுத முடியும். கல்லூரியில் தாங்கியதெல்லாம் பழக்கத்தில் தாங்கியது. ஊர் மாறியதும் தெரிந்துவிட்டது. நான் இல்லாமல் முடியாது. ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

நாளை கடைசி நிகழ்ச்சி. படகில் அக்கரைக்குப் போக வேண்டும், பாம்பூஃப்ளாட் என்ற ஊர். காலையிலிருந்து ஒத்திகை, எல்லாம் இறக்கம். மதியம் பெனோ என்னிடம் தனியாக வந்தான். "ஒரே ஒரு பாட்டு. வார்த்தைகூட வேண்டாம், சும்மா 'ஊ'ன்னு மேல நின்னாப் போதும். பைய. உனக்கு முடியலன்னா வேண்டாம்ட்டி." முடியலன்னா வேண்டாம் என்று சொல்லும்போதே அவன் முகம் வேண்டும் என்று சொன்னது.

சுப்ரஜாதான் குறுக்கே வந்தாள். "வேண்டாம்க்கா. டாக்டர் சொல்லியிருக்காங்கல்லா. நாம தப்பாப் பாடுனா என்ன, ஊருக்குப் போய்ட்டா யாருக்குத் தெரியும்?"

'உன் இடம் போயிரும்னு பயமா இருக்கோ?' என்று தட்டி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். வாசித்தாள். எழுந்து போனாள்.

ஒரு பாட்டில் என்ன வெடித்துவிடப் போகிறது? டாக்டர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பாடினேன்.

முதல் சரணத்தில் என் குரல் எழுந்து மேலே போய் நின்றபோது கண்ணீர் வந்துவிட்டது. என் குரல். அது எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருந்திருக்கிறது. பெனோ என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஆனால் இறங்கியது. நான் நிற்க நிற்க இறங்கியது. பிடித்து மேலே இழுக்கப் பார்த்தேன், 'ஊ' போதும் என்றதை மறந்து முழுக்குரலில் இழுத்தேன். மூன்றாவது சரணத்தில் தொண்டைக்குள் சேலை கிழிகிற மாதிரி என்னமோ கிழிந்தது. வலிக்கவில்லை. வாய் திறந்திருக்கிறது, மூச்சு போகிறது, சத்தம் இல்லை. மீதிப் பாட்டை வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஏழு பேர்தான் பாடி முடித்தார்கள்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாவம், ஊர்ப்பாசம்.

பிப்ரவரி 12, புதன்

துப்பினால் ரத்தம். பெனோ என் பக்கத்திலேயே வரவில்லை. சுப்ரஜா வந்தாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திரையைப் பார்த்தார், பேனாவை மூடினார், அப்பாவை வெளியே கூப்பிட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஆபரேஷன். பேச்சு வரும். பாட்டைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை. நானும் தட்டிக் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது முதன்முறையாக அப்பாவும் பேசாமல் வந்தார்.

மார்ச் 13, வியாழன்

ஆபரேஷன் முடிந்து மறுபடி மௌனம். இந்தத் தடவை பழகிவிட்டது.

சாயங்காலம் சுப்ரஜா வீட்டுக்கு வந்து என்னைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனாள். எதற்கென்று சொல்லவில்லை. ஒத்திகை அறையில் யாரும் இல்லை. "கொஞ்சம் பொறுங்கக்கா" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் விடுதித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரை வாட்ச்மேன் போட்டார். ம்ம்ம் என்று அது ஓட ஆரம்பித்தது. மூன்று வருடமாகச் சாயங்காலம்தோறும் எங்கள் ஒத்திகை நேரத்தில் ஓடுகிறது. அது ஓடுவதை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

சுப்ரஜா தன் போனில் சுருதிப்பெட்டியைத் திறந்து, ஆற்றுப் பாட்டின் சுருதியை வைத்தாள். இரண்டும் ஒன்று. எது மோட்டார், எது பெட்டி என்று பிரிக்க முடியவில்லை.

"போன வாரம் மோட்டார்ல காயில் கருகிட்டு. ரிப்பேருக்குக் கொண்டு போய்ட்டாங்க. அன்னைக்கு இங்கனயே பாட்டு எறங்குச்சுக்கா, அந்தமான்ல எறங்குன மாதிரியே. நேத்து மாட்டுனாங்க. எறங்கல."

வீட்டுக்கு வந்து போனவருடம் உவரிக் கடற்கரையில் நாங்கள் பாடிய வீடியோவைத் தேடி எடுத்தேன். திறந்த வெளி, மோட்டார் இல்லை, நான் இருக்கிறேன், நல்ல தொண்டையோடு இருக்கிறேன். ஃபோர்க்கைத் தட்டி ஆரம்பத்தையும் முடிவையும் ஒத்துப் பார்த்தேன். ஒன்றரை ஸ்வரம் இறங்கியிருக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். முதலில் இறங்குவது உச்சியில் இருக்கிற குரல். சிரித்த முகமாக எல்லோரையும் கீழே கூட்டிக்கொண்டு போகிறேன். அன்று அலைச் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஆணி இருக்கிறாளே என்று நம்பியிருப்பார்கள்.

வாத்தியம் கிடையாது, வாத்தியம் கிடையாது என்று மேடைக்கு மேடை சொன்னோமே. இரண்டு குதிரைச்சக்தி வாத்தியம்.

ஒரு மோட்டார் செய்த வேலையை என்னுடையது என்று நம்பித் தொண்டையைக் கொடுத்தேன். யாரை நோக? பெனோவிடம் சொல்ல வேண்டாம் என்று சுப்ரஜாவுக்குத் தட்டினேன். அந்தமானில் நான் காட்டிய மெசேஜுக்கும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்று அனுப்பினாள்.

மார்ச் 20, வியாழன்

என்னத்தை எழுத.

ஏப்ரல் 9, புதன்

இன்று பேசலாம் என்றார்கள். கொஞ்சமாக, இடைவெளி விட்டு. டாக்டரம்மா முன்னால் "ஆ" என்று மட்டும் சொல்லிக் காட்டினேன். "இதான் இனி. பழகிரும்மா" என்றார். எனக்கு என் தலைக்குள் கேட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்சம் கட்டை, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதல் பேச்சு அப்பாவிடம் பேச வேண்டும் என்று ஆசை. மூன்று மாதம் எனக்கும் சேர்த்துப் பேசிய மனிதர். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை. என் போனில் சார்ஜ் இல்லை. கல்லூரி வாசலில் சுப்ரஜாவின் போனை வாங்கி நம்பரை அடித்தேன். அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம், பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ" என்றேன்.

"ஹலோ, யாரும்மா?"

"நான்... நான்தான்..."

"யாரு, கெசியா சேக்காளியா? நம்பர் புதுசா இருக்கே. அவளால இப்பப் பேச முடியாதும்மா, தொண்டைல ஆபரேஷன் ஆயிருக்கு. நீ மெசேஜ் போட்டு விடு, பாத்துக்கிடுவா. சீக்கிரம் சரியாயிரும், பழையபடி பாடுவா. ஜெபம் பண்ணிக்கோம்மா, என்ன?"

அப்பா என்று கூப்பிட வாய் திறந்துதான் இருந்தது. வரவில்லை. "சரிங்க அங்கிள்" என்றேன்.

"என்னக்கா சொன்னாங்க?" என்று சுப்ரஜா கேட்டாள்.

"கெசியாவால பேச முடியாதாம்."

வீட்டுக்கு வந்தபோது அப்பா அடுப்படியில் நின்றிருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று அவரே கேட்டு, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றிருப்பார் என்று அவரே பதிலும் சொன்னார். தலையை ஆட்டினேன். காப்பி வேண்டும் என்று கையால் சாடை காட்டினேன். போட்டுக் கொடுத்தார்.