கூட்டம் கத்திய பெயர்

ஒக்டோபர் 10, வெள்ளி. ஹம், ஜேர்மனி.

எங்கள் ஐஸ் ஹொக்கி அணி இன்றும் தோற்றது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதும் பெரிய ஆட்டக்காரர்கள் கழன்றுவிட்டார்கள். மிச்சம் மீசை முளைக்காத பெடியன்கள்தான். "மூண்டு வருசத்தில இவங்கள்தான் சம்பியன்" என்று தமிழ்க்கடை முழுக்கச் சொல்லித் திரிகிறேன். "முதல்ல விழாமல் ஓடட்டுமப்பா" என்கிறாள் மனைவி.

இன்று கபிலனுக்கு முதல் ஆட்டம். இந்த நாளுக்காகத்தான் அவன் தகப்பன் சிவநாதன் அண்ணை இத்தனை வருடம் என் பக்கத்தில் நின்று குளிரில் நடுங்கினார். சித்திரையில் காலமாகிவிட்டார்.

இங்கே அறிவிப்பாளர் ஆட்டக்காரனின் பெயரைச் சொல்ல, கூட்டம் குடும்பப் பெயரைக் கத்தும். எங்கள் ஆட்களுக்கு அது தகப்பன் பெயர்தானே. "கபிலன்!" என்றார். அரங்கமே "சிவநாதன்!" என்று அதிர்ந்தது.

மூத்தவரை நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பக்கத்து ஜேர்மன்காரன் "கத்து, கத்து" என்று இடித்தான். வாயைத் திறந்தேன், "அண்ணை!" என்றுதான் வந்தது. புதுக் கோஷமாக்கும் என்று அவனும் பிடித்துக்கொண்டான். எங்கள் வரிசையே "அண்ணை! அண்ணை!" என்று கத்தியது.

கபிலன் நிமிர்ந்து பார்த்தான். கையுறையோடு கண்ணைத் துடைக்கப் போனான். தலைக்கவசக் கண்ணாடி தடுத்துவிட்டது.